கரப்பான்: குழந்தையின் தட்டில் கை வைப்பதற்கு முன்

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது அவள் தட்டில் மிஞ்சியிருந்தது இட்லி, ரசம் சாதம், கேரட், வாழைப்பழம், அவ்வளவுதான். கத்திரிக்காய் கரப்பான் பண்டம் என்று முதலில் அதை நிறுத்தினோம். அடுத்து கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை. பாலையும் நிறுத்திப் பாருங்களேன் என்று யாரோ சொன்னார்கள், அதையும் நிறுத்தினோம். "வாயக் கட்டுனா கரப்பான் தன்னால ஆறிரும்மா" என்று என் மாமியார் சொன்னது பேத்தி மேல் இருந்த பிரியத்தில்தான். எட்டு மாதம் வாயைக் கட்டினோம். கரப்பான் ஆறவில்லை. காலையில் எழுப்பப் போனால் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்து, கறுத்து, வரி வரியாகிவிட்டது.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் அவளை எடை மிஷினில் ஏற்றினார். பத்தரைக் கிலோ. "இந்த வயசுக்கு 14 கிலோ பக்கம் இருக்கணும்மா" என்றார். இன்னும் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். அவள் சாப்பிடுவதைப் பட்டியல் போட ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தி, "சாப்பாட்டை அப்புறம் பேசுவோம். உடம்புக்கு என்ன தடவுறீங்க?" என்று கேட்டார். பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம், வாரம் ஒருநாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம், குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றுகிறோம் என்றேன். "அப்போ அந்தத் தோலுக்கு வேண்டியது ஒண்ணுமே போகலை" என்றார்.

உணவும் பழக்கவழக்கமும் பற்றிய இந்த அத்தியாயத்தை நான் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கசிகிற தோல்

நம் வீடுகளில் கரப்பான் என்பதும் மருத்துவர் சீட்டில் எக்ஸிமா என்று எழுதுவதும் பெரும்பாலும் ஒன்றுதான். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து பரவுகிற படர்தாமரையையும், விரலிடுக்கில் தொடங்கி வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிக்கிற சிரங்கையும்கூட நாம் கரப்பான் என்றே சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கு வைத்தியம் வேறு. ஆகவே முதல் தடவை ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி, இது எக்ஸிமாதான் என்று உறுதி செய்துகொண்டு இந்தப் பக்கங்களைப் பின்பற்றுங்கள்.

இந்த நோயில் தோல் மண்பானை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே கசிந்து போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே இறங்குகின்றன. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் தலைமையிலான குழு இதற்கு ஒரு முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம், அதற்கான மரபணுவில் குறை இருந்தால் போதிய அளவு உருவாவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம். எல்லா நோயாளிகளுக்கும் இந்த ஒரே குறைதான் என்பதில்லை. ஆனால் கோளாறு தோலின் காப்பிலேயே இருக்கிறது என்ற பார்வை அதன் பிறகு வலுப்பட்டது. குழந்தை எதையோ தின்று ரத்தம் கெட்டுப்போனதால் வந்த நோய் இல்லை இது. கர்ப்பமாக இருக்கும்போது அம்மா எதையோ சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. இதைப் படிக்கிற இளம் தாய்மார்கள் இந்த வரியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டலாம்.

லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் என்ற ஒவ்வாமை மருத்துவர் 2008-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் உணவு வாய் வழியாக வயிற்றுக்குள் போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்கிறது. அதே உணவு புண்பட்ட தோல் வழியாக நுழைந்தால் உடம்பு அதைப் பகையாக எண்ணிக்கொள்கிறது என்பதுதான் அது. 2015-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்தது. ஒரு பாதிக்கு 11 மாத வயதுக்குள்ளாகவே நிலக்கடலை உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள், மறுபாதிக்கு நிலக்கடலையே காட்டவில்லை. ஐந்து வயதில் சோதித்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை வந்திருந்தது. சாப்பிட்டு வளர்ந்தவர்களில் 3.2 சதவீதம்தான்.

ஜப்பானில் நடந்ததையும் சொல்கிறேன். கோதுமைப் புரதம் சேர்த்த முகம் கழுவும் சோப்பு ஒன்றை அங்கே லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். தோல் வழியாகப் போன கோதுமை செய்த வேலை.

இப்போது என் வீட்டில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பயறு குழந்தையின் தட்டுக்குப் போகவில்லை, வெடித்த தோலுக்குப் போனது. ஆகவே கடலைமாவு, பயத்தமாவு, நலங்குமாவு, பாலாடை, எதுவும் கரப்பான் உள்ள தோலில் வேண்டாம். அவற்றை நன்றாகச் சமைத்துச் சாப்பிடக் கொடுங்கள்.

குளியலும் எண்ணெயும்

கரப்பான் வந்தால் குளிப்பாட்டக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அது தப்பு. தினம் ஒரு முறை, வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில், ஐந்திலிருந்து பத்து நிமிடம் குளிக்கலாம். ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றும்போது அரிப்புக்கு இதமாக இருக்கும்; அடுத்த அரை மணியில் இரண்டு மடங்கு அரிக்கும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக்கட்டி 9 முதல் 10 வரை காரம். அதனால் சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும். மற்ற இடத்துக்குத் தண்ணீர், அல்லது வாசனை சேர்க்காத, நுரை குறைந்த திரவம். பீர்க்கங்கூடு, நார், கல் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கிருமிநாசினித் திரவத்தை நிறுத்திவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் இப்படி என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்துகிறவர்கள் உண்டு. கடின நீர் இருக்கும் ஊர்களில் எக்ஸிமா சற்று அதிகம் என்பது பல நாடுகளில் கண்டதுதான். ஆனால் இங்கிலாந்தில் அந்தக் கருவியை வீடுகளில் பொருத்தி, எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் சோதித்ததில் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குத் தடவுகிற களிம்பு வாங்கலாம்.

தடவுவதுதான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமான வேலை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பில் ஈரப்பசை இருக்கும்போதே, குளித்த மூன்று நிமிடத்துக்குள், கழுத்திலிருந்து கால்வரை முழுக்கத் தடவுங்கள். சிவந்த இடத்தில் மட்டும் இல்லை, முழு உடம்புக்கும். இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை. முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவினால் மயிர்க்கால்களில் கொப்புளம் வராது. அளவில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். 50 கிராம் டியூப் வாங்கி ஒரு மாதம் வைத்துக்கொள்கிறோம். உடம்பு முழுக்கத் தடவ சின்னக் குழந்தைக்கே வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் வரை ஆகும், பெரியவர்களுக்கு 250 முதல் 500 கிராம் வரை ஆகும். என்னிடம் டாக்டரம்மா சொன்ன யோசனை: டப்பா மூடியில் திறந்த தேதியை எழுதி வையுங்கள். நினைத்ததைவிட அதிக நாள் வந்தால் நீங்கள் தடவியது போதவில்லை.

எதைத் தடவுவது? மார்கழிக் குளிருக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி நல்லது, விலையும் குறைவு. சித்திரையில் அதையே அப்பினால் வேர்க்குரு கிளம்பும். அப்போது வாசனையில்லாத கிரீம். தேங்காய் எண்ணெய் பற்றி நம் பாட்டிமார்கள் சொன்னது சரி. பிலிப்பைன்ஸில் 2008-லும் 2014-லும் வெளிவந்த ஆய்வுகளில், சூடேற்றாமல் எடுத்த தேங்காய் எண்ணெய் எக்ஸிமா தோலின் வறட்சியைக் குறைத்தது. அந்தத் தோலில் குடியேறிப் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியையும் குறைத்தது. ஆனால் குழந்தைக்கு உசத்தி என்று வெளிநாட்டிலிருந்து வாங்கிவரும் ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோலின் காப்பைக் கெடுக்கிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2013-ல் காட்டினார்கள்.

ஜெல்லியும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். தீபாவளியன்று மத்தாப்பு கொளுத்தும் முன் குழந்தைக்குத் துவைத்த பருத்தித் துணி மாற்றுங்கள்.

பத்தியம் எப்போது, எப்படி?

உணவுக்கும் கரப்பானுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுத்தரமான அல்லது கடுமையான எக்ஸிமா உள்ள சிறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்மையான உணவு ஒவ்வாமையும் இருக்கிறது. பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை, சோயா, மீன் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். லேசான எக்ஸிமாவிலும், பெரியவர்களிலும் இது மிகக் குறைவு.

அடையாளம் இப்படி இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சு இழுப்பு. ஒரு தடவை இப்படி ஆகியிருந்தாலும் அந்த உணவை வீட்டில் மறுபடி சோதிக்கவே கூடாது; ஒவ்வாமை மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாவது வகை மெதுவானது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கரப்பான் கிளம்பும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எக்ஸிமா தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நாலு நாளைக்கு முன் சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி போடுவது சுலபம்.

அதனால் 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினம் ஒரு வரி: என்ன சாப்பிட்டாள், அரிப்பு எப்படி (ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்), ராத்திரி தூங்கினாளா, அன்று வேர்த்ததா, சளி காய்ச்சல் உண்டா. இரண்டு வாரம் எழுதினால் பல சந்தேகங்கள் தாமாகவே விலகிவிடும். ஒரே உணவின் மேல் திரும்பத் திரும்பச் சந்தேகம் விழுந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அந்த ஒன்றை மட்டும் இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்துங்கள். பிறகு அவர் சொல்லும் முறையில் மீண்டும் கொடுத்துப் பாருங்கள். மீண்டும் கொடுப்பதுதான் சோதனை. நிறுத்துவது பாதிச் சோதனைதான். நாங்கள் எட்டு மாதமாகச் செய்யாமல் விட்டது அந்த மறுபாதியைத்தான். நிறுத்தியபோது குறையவில்லை, கொடுத்தபோது கூடவில்லை என்றால் அந்த உணவு நிரபராதி. அன்றைக்கே தட்டுக்குத் திரும்ப வேண்டும். காரணமில்லாமல் நெடுநாள் விலக்கி வைத்த உணவுக்கு, பிறகு கொடுக்கும்போது உடனடி ஒவ்வாமை கிளம்பிய குழந்தைகள் இருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் முப்பது உணவுக்கு நேராக 'பாசிட்டிவ்' என்று ஒரு தாள் வரும். எக்ஸிமா குழந்தைகளுக்கு அப்படி வருவது சகஜம்; சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவுக்கும் வரும். அந்தத் தாளைப் பார்த்து மட்டும் சமையலறையைக் காலி செய்யாதீர்கள்.

கத்திரிக்காய் விஷயத்தில் பெரியவர்களை முழுக்கத் தள்ள முடியாது. காய்கறிகளில் அதில் ஹிஸ்டமின் கொஞ்சம் அதிகம். சிலருக்குச் சாப்பிட்டவுடன் வாயும் தொண்டையும் நமநமக்கும். மைசூர்ப் பக்கத்தில் கத்திரிக்காய் ஒவ்வாமையை ஆய்வே செய்திருக்கிறார்கள். உங்கள் குழந்தைக்கு அப்படி அரித்தால் விட்டுவிடுங்கள், கத்திரிக்காய் இல்லாமல் யாரும் மெலிந்துவிட மாட்டார்கள். பாலும் முட்டையும் பருப்பும் அப்படி இல்லை. மருத்துவர் பாலை நிறுத்தச் சொன்னால், கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என்று சுண்ணாம்புச் சத்துக்கு வழி செய்த பிறகு நிறுத்துங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்றாகாது, இரண்டின் புரதமும் ஒரே சாயல்.

தக்காளி, புளி, ஆரஞ்சு சாப்பிட்டதும் வாயைச் சுற்றிச் சிவப்பது பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை, புளிப்பு பட்ட எரிச்சல். சாப்பிட உட்காரும் முன் வாயைச் சுற்றி ஜெல்லி தடவினால் போதும். தயிர் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது மருந்தில்லை. விலை கூடிய புரோபயாடிக் மாத்திரைகளும் எக்ஸிமாவைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை. உப்பைக் கவனியுங்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், சிறுநீரில் சோடியம் அதிகம் வெளியேறியவர்களுக்கு எக்ஸிமாவும் அதிகமாக இருந்தது. உப்புதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ் மூன்றையும் குறைத்து யாரும் கெட்டுப்போனதில்லை.

வேர்வைக்குப் பயந்து வீட்டில் பூட்டாதீர்கள்

வேர்த்தால் அரிக்கிறது என்று என் மகளை விளையாட விடாமல் வைத்திருந்தோம். பள்ளியில் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள். வேர்வை எக்ஸிமாவைக் கிளப்பும் என்பது உண்மைதான். நம் தோலில் வாழும் ஒரு பூஞ்சையின் புரதம் வேர்வையில் கலந்து அரிப்பைத் தூண்டுகிறது என்று 2013-ல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். அதே ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளை மதியம் பள்ளியிலேயே வெறும் தண்ணீரில் குளிக்க வைத்துப் பார்த்தார்கள்; எக்ஸிமா குறைந்தது. ஆக வேர்வை தோலில் காய்ந்து தங்குவதுதான் தொல்லை.

நம் பள்ளிகளில் குளியலறைக்கு எங்கே போவது? நாங்கள் செய்தது இது. பையில் ஒரு பருத்தி பனியனும் ஒரு கைக்குட்டையும் வைத்தோம். பி.டி. முடிந்ததும் கழுத்து, முழங்கை, முழங்கால் மடிப்புகளைத் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, பனியனை மாற்றிக்கொள்வாள். பாலியெஸ்டர் சீருடைக்குப் பதில் அதே நிறத்தில் பருத்தியில் தைத்துப் போட அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு மருத்துவர் சீட்டுடன் ஒரு கடிதம் கொடுத்தோம். வீட்டில் ஐந்து மணிக்கு மேல் சைக்கிள், பிறகு நேராகக் குளியல், பிறகு கிரீம். நீச்சலும் நல்லதே, இறங்கும் முன் ஜெல்லி தடவி, ஏறியதும் குளோரின் போகக் குளித்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு விடியற்காலை நடை போதும். உடல் எடை கூடியவர்களுக்கு எக்ஸிமாவும் அதிகம் காணப்படுகிறது, அதனால் நடையை விடாதீர்கள்.

ராத்திரிதான் பெரிய சோதனை. 'சொறியாதே' என்று நூறு தடவை சொல்வதில் பயனில்லை, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரிப்பு வரும்போது இரண்டு முஷ்டியையும் இறுக்கி முப்பது எண்ணச் சொல்லுங்கள். அப்புறமும் அரித்தால் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை நகம் வெட்டுங்கள். அரிப்பு உச்சத்தில் இருக்கும் இரவில் களிம்பு தடவி, அதன் மேல் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் உலர்ந்த துணி போட்டால் தூக்கம் வரும். (சீழ் பிடித்திருந்தால் இதைச் செய்யக் கூடாது.) புதுத் துணியைத் துவைக்காமல் போடாதீர்கள், துவைக்கும்போது இரண்டு முறை அலசுங்கள். சாம்பிராணியும் கொசுவத்தியும் அந்த அறையில் வேண்டாம்.

தாய்மார்களின் கைக்கும் ஒரு வார்த்தை. பூண்டு உரிக்கும்போது வலது கையில் கத்தி இருக்கும், இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பூண்டைப் பிடித்திருக்கும். அந்த மூன்று விரல் நுனி மட்டும் வெடித்துச் செதில் விட்டால் காரணம் பெரும்பாலும் பூண்டுதான். பருத்திக் கையுறையும் அதன் மேல் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு பாத்திரம் தேயுங்கள், பூண்டு உரிக்கும் வேலையைக் கொஞ்ச நாள் வீட்டு ஆண்களிடம் கொடுங்கள்.

உணவும் ஓட்டமும் குளியலும் மருந்துக்குப் பதிலாக இல்லை. சிவந்து கிளம்பும்போது மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் போடுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் உள்ளங்கையை விரல்களோடு இரண்டு தடவை வைத்தால் எவ்வளவு இடமோ அதற்கு அது போதும். பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல வைத்தால் பலன் இல்லை. பயப்பட வேண்டியது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் மூன்று நான்கு மருந்து கலந்த களிம்புக்குத்தான். படர்தாமரையில் அதைத் தடவி, முதலில் அடங்கி, பிறகு உடம்பெல்லாம் பரவி வருகிறவர்களால் தோல் பிரிவு நிரம்பி வழிகிறது.

கடைசியாக ஒன்று. கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென்று ஒரே அளவிலான சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து குழி குழியாகி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால், நம் வீடுகளில் அம்மை போட்டிருக்கிறது என்று தனி அறையில் படுக்க வைத்துவிடுவோம். அது எக்ஸிமா ஹெர்பெட்டிகமாக இருக்கலாம். உதட்டில் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமிதான் காப்பிழந்த தோலில் பரவி அதை உண்டாக்குகிறது. உதட்டுப் புண் இருக்கும்போது யாரும் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. கவனிக்காமல் விட்டால் உயிருக்கும் ஆபத்து. அதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் குணமாகும். அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வேப்பிலையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.